எதைத் தொட்டீங்க?

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் கடைசியில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. நான் அந்த உத்தேசத்தோடு உட்காரவில்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத அந்தத் தாளைப் பல மொழிகளில் அச்சுக்குத் தயார் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நான் தமிழ்ப் பக்கங்களை வடிவமைப்பேன். அவர் கணினிகளுக்குப் பொறுப்பாளர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'தொட்டீங்களா'. "தொட்டீங்களா இன்னிக்கு லீவு" என்று யாராவது சொன்னால் அன்று டீயே கொஞ்சம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

பட்டப்பெயருக்குக் காரணம் இதுதான். எது கெட்டுப்போய் அவரைக் கூப்பிட்டாலும், "என்ன ஆச்சு?" என்று கேட்க மாட்டார். "எப்போதிலிருந்து?" என்று கேட்க மாட்டார். நேராக வந்து நின்று, "எதைத் தொட்டீங்க?" என்பார்.

"எதையும் தொடலை சார்."

"தொடாம எப்படிங்க ஆகும்?"

'ங்க' போட்டுத்தான் கேட்பார். யாரையும் அவர் ஒருமையில் பேசி நான் பார்த்ததில்லை. கத்தியதில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அந்த மரியாதையைப் போல மனிதரைச் சிறுமைப்படுத்துகிற வேறொன்றை நான் அதற்கப்புறமும் கண்டதில்லை. பேசாமல் "அறிவிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகலாமே என்றிருக்கும். பதிலுக்கு நாமும் முறைக்கலாம். "எதைத் தொட்டீங்க?" என்பதற்கு முறைக்க முடியாது. நிஜமாகவே எதையோ தொட்டுவிட்டோமோ என்று கையைத்தான் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

அடுத்து, "எழுந்திருங்க" என்பார். எழுந்துவிட வேண்டும். எழுந்து பின்னால் நிற்கக்கூடாது. நின்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு, நாம் நகரும்வரை திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். நகர்ந்ததும் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைப்பார். பிறகு தடதடவென்று தட்டுவார். கைவேகம் அசாத்தியம். முடிந்ததும் திரையில் இருப்பதையெல்லாம் துடைத்துக் காலி செய்துவிட்டு எழுந்து, "இப்ப பாருங்க. எதையும் தொடாதீங்க" என்பார். என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதே கோளாறு மறுபடி வந்தால் மறுபடி அவர்தான் வரவேண்டும்.

வேலை தெரியாதவர் என்று சொன்னால் எனக்குப் பாவம் வந்து சேரும். ஒருமுறை என் ஹார்டு டிஸ்க் அடியோடு படுத்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு மாத வேலை உள்ளே மாட்டிக்கொண்டது. அழாத குறையாக நான் நிற்க, அவர் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் சாயங்காலம்வரை மல்லுக்கட்டி அத்தனையையும் மீட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். கும்பிடுவதற்குள் சொன்னார்: "டிஸ்க் தானா போகாதுங்க. யோசிச்சுப் பாருங்க, எதையாவது தொட்டிருப்பீங்க." கும்பிடு பாதியிலேயே நின்றுவிட்டது.

கணினிக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பாத்ரூம் குழாய் ஒழுகினால் வாசலில் நின்று, "கடைசியா யாருங்க தொட்டது?" என்பார். மின்விசிறி சத்தம் போட்டால் அண்ணாந்து பார்ப்பதற்கு முன் எங்களைப் பார்ப்பார். கீழே லேத் பட்டறைக்காரர் ஒருநாள் டெம்போ உள்ளே வருவதற்காக எங்கள் சாரின் பைக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டார். சாயங்காலம் பைக் கிளம்பவில்லை. பட்டறை வாசலுக்குப் போய், "வண்டியில எதைத் தொட்டீங்க?" என்று கேட்டார். மாடிப்படியில் நின்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னா நைனா, நவுத்தி வச்சேன். டெம்போ வரணும்ல. வண்டிய தொட்டா இன்னா, தேஞ்சா பூடும்? பெட்ரோல் கீதா பாரு மொதல்ல."

பெட்ரோல் இல்லை. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. டேங்க் மூடியை மூடினார், மஞ்சள் துணியால் துடைத்தார், பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிக்கக்கூடிய விஷயமாக அது இருந்த காலம்.

செல்வி வந்த பிறகுதான் எனக்கு அவரை உள்ளூர வெறுக்கத் தெரிந்தது.

செல்வி சிந்தாதிரிப்பேட்டைப் பெண். கூவம் ஓரத்தில் இருந்த அவர்கள் வீட்டை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடிவைத்துவிட்டார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி ஈக்காட்டுத்தாங்கல் வந்து சேருவாள். தமிழில் மெய்ப்பு பார்ப்பாள், பக்கமும் கட்டுவாள். மாத்திரை அளவில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தரம் என்று முதலாளியே சொல்லியிருந்தார். நிரந்தரமானால் கிண்டி பக்கம் ஓர் அறை பார்த்து அம்மாவைத் திரும்பவும் ஊருக்குள்ளே கூட்டி வந்துவிடுவதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அம்மாவுக்குப் பழைய தெருவில் பூ வியாபாரம். புது இடத்தில் வாங்குவதற்கு ஆளில்லை. அதனால் அந்த வேலை செல்விக்கு வெறும் வேலை இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம். சாயங்காலம் கிளம்பும்போது கணினியை முறையாக அணைத்து, சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தான் போவாள். நாங்களெல்லாம் திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடுகிற சோம்பேறிகள். கணினி பாட்டுக்கு வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால் சிரிப்பாள்.

"லைட்ட அணைக்காம வூட்ட வுட்டு கெளம்புனா எங்கம்மா தோல உரிச்சிடும்க்கா. கை தானா போவுது."

அவர் செல்வியின் கீபோர்டை மட்டும் இரண்டு முறை துடைப்பார். நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை செல்வி பாஸ்வேர்டு போட்டிருக்கிறாள். திரை ஒருகணம் கறுத்தது. திரும்பவும் பாஸ்வேர்டு கேட்டது. மறுபடி போட்டாள், மறுபடியும் அதே. பாஸ்வேர்டு தவறு என்றும் சொல்லவில்லை. உள்ளே கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு வாசலுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அன்று மாலை அனுப்ப வேண்டிய ஓர் அவசர வேலை அவள் கணக்குக்குள் இருந்தது.

அவர் வந்தார். "எதைத் தொட்டீங்க?"

"நான் இன்னா சார் தொட்டேன்? எப்பவும் போல தான் போட்டேன். உள்ள போவாம திரும்பித் திரும்பி வந்துகினே கீது."

"தொடாம எப்படிங்க ஆகும்? எழுந்திருங்க."

துடைத்தார். மறுபடி துடைத்தார். தன் பெயரில் நுழைந்து பார்த்தார், திறந்தது. புதிதாக ஒரு பெயரில் கணக்கு தொடங்கி அதில் நுழைந்தார், அதுவும் திறந்தது. எழுந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க. இவங்க கணக்குலதான் இருக்கு. உள்ள போய் எதையோ மாத்தியிருக்காங்க."

செல்வி சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஒன்று சொன்னாள். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

"சார், நான் ஒருத்தி தான் தெனமும் அணைச்சிட்டு போறேன். வேற யாராச்சும் மெசின ஒருவாட்டி அணைச்சிப் போட்டு பாருங்களேன். அதுக்கும் இப்டி ஆவுதான்னு."

நியாயமான பேச்சு. "என்னுடையதைப் போட்டுப் பார்க்கலாம்" என்று நான் எழுந்தேன். அவர் வேகமாக வந்து என் சுவிட்சின் மேல் கையை வைத்துவிட்டார்.

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குங்க தொடணும்?"

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு மாலை வேலை போய்ச் சேருமா என்ற கவலை. "இருக்கிற நல்லதும் போயிடப்போகுதும்மா, விடு" என்று என்னை உட்காரச் சொன்னார். நான் விடவில்லை, "அவ சொல்றதுல என்ன சார் தப்பு?" என்றேன். "அவர் பாத்துப்பார்" என்றார். அவர் பார்த்துக்கொண்டார். மாலைவரை செல்வியை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் கணக்கைக் குடைந்துகொண்டிருந்தார். நடுநடுவே அவள் பக்கம் திரும்பி, அதே அமைதியான குரலில், "யோசிச்சுப் பாருங்க" என்பார். அவளும் யோசித்துக்கொண்டே இருந்தாள். மதியம் சாப்பிடக்கூட இல்லை.

அந்த வேலையை மட்டும் எடுத்து வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம், அது அவருக்குத் தோன்றவில்லை. வேலை போய்ச் சேரவில்லை. வாடிக்கையாளரிடம் சொல்ல முதலாளிக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இவர் ஒரு பெயரையே எடுத்துக் கொடுத்தார். அந்த வாரமே செல்வியின் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். கிளம்பும்போது என்னிடம் வந்து, "நான் எதுவும் தொடலைக்கா" என்றாள். "தெரியும்டி" என்றேன். தெரியும் என்றால், அவளைத் தெரியும். கணினியில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் மஞ்சள் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு முற்பகலில் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது. அத்தனை கணினிகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. கரண்ட் வந்ததும் எல்லோரும் பாஸ்வேர்டு போட்டோம். திரை கறுத்தது. திரும்பவும் பாஸ்வேர்டு கேட்டது. ஒருவர் பாக்கியில்லை, எல்லோரும் வாசலில்.

அவர் ஓடி வந்தார். பழக்க தோஷம், "யாருங்க எதைத் தொட்டீங்க?" என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே குரல் இறங்கிவிட்டது. அலுவலகம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தது என் கணினிதான். உட்கார்ந்தார். அன்றைக்குத் துடைக்கவில்லை. "எழுந்திருங்க"வும் இல்லை, ஏனென்றால் நான் ஏற்கெனவே எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான் நகரவும் இல்லை.

தன் பெயரில் நுழைந்து என் கணக்கிலிருந்த ஒரு சின்ன ஃபைலைத் திறந்தார். இப்போது அதைப் பற்றி எனக்குத் தெரியும், சொல்கிறேன். எங்கள் கணினிகளில் ஓடியது லினக்ஸ். பாஸ்வேர்டு போட்டதும், திரை திறப்பதற்கு முன் கணினி இந்த ஃபைலைப் படிக்கும். ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவருக்கென்று ஒன்று உண்டு. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்திருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதில் எழுதியிருப்பதைச் செய்துவிட்டுத்தான் நம்மை உள்ளே விடும். உள்ளே வந்தவரை அது ஒன்றும் செய்யாது. அணைத்துவிட்டு மறுபடி நுழைகிறவருக்குத்தான் மறுபடி படிக்கும்.

அதன் அடியில் அவர் ஒரு வரி சேர்த்து வைத்திருந்தார். பக்கத்திலேயே அவருடைய பெயரின் முதலெழுத்துகள். சர்வரில் எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டரைத் தேடு, இல்லையென்றால் வெளியேறு. இவ்வளவுதான் அந்த வரியின் பொருள். எல்லோரும் ஒரே எழுத்துருவைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக எப்போதோ ஒவ்வொருவர் கணக்கிலும் எங்களுக்குத் தெரியாமல் எழுதியது. பின்னால் விசாரித்ததில் தெரிந்தது, செல்விக்கு நேர்வதற்கு முந்தைய சனிக்கிழமை அவரே சர்வரைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்கிறார். எழுதிய வரி அவருக்கு மறந்துபோயிருந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த சோம்பேறிகள் நாங்கள் தப்பித்தோம். ஒழுங்காக அணைத்துவிட்டுப் போனவள் திங்கட்கிழமை மாட்டிக்கொண்டாள். அவருடைய சொந்தக் கணக்கிலும் அவர் தொடங்கிய புதுக் கணக்கிலும் அந்த வரி கிடையாது, அதனால் அவை திறந்தன. அவள் கணக்கை ஒரு பகல் முழுக்கக் குடைந்தவர், தான் எழுதி வைத்த ஃபைலை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

அந்த வரியை அழித்தார். திரையைக் காலி செய்தார். எழுந்தார்.

"இப்ப பாருங்க."

"செல்விக்கும் இதுதானா சார்?"

அவர் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"சரியாயிடுச்சு இல்லைங்களா. எதையும் தொடாதீங்க."

அந்தக் கணம் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவரையும் கூட்டிக்கொண்டு, சரியாகச் சொன்னால் இழுத்துக்கொண்டு, முதலாளியின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி அவரைப் பார்த்து, "அப்படியா சார்?" என்றார். அவர் சற்றும் அசராமல் சொன்னார்: "அந்த நேரத்துல பல விஷயம் இருந்துச்சுங்க. அந்தப் பொண்ணும் ஏதாவது தொட்டிருக்கும்."

முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. செல்வியின் நாற்காலியில் வேறு ஆள் வந்தாயிற்று. "முடிஞ்சுபோனதைக் கிளறாதீங்கம்மா" என்றார். செல்வியின் நம்பருக்குப் போன் செய்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. எனக்கு வேறு வேலை கிடைத்ததும் அங்கிருந்து கிளம்பினேன். கடைசி நாளில் என் கணினியை ஒப்படைக்கப் போனபோது அவர், "ஏதாவது தொட்டிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டார். "ஆமா, எல்லாத்தையும் தொட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

செல்வியைப் பார்த்தேன்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. தலையணை உறை வாங்கப் போயிருந்தேன். பில் போடும் வரிசையில் என் முறை வந்து நிமிர்ந்தால், கடைச் சீருடையில் செல்வி. "அக்கா!" என்று கத்தியே விட்டாள். மதிய நேரம், எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அம்மா இன்னும் அந்த ஊருக்கு வெளியே அடுக்குமாடியில்தான் இருக்கிறாள் என்றாள். பூக்கட்டுவதை விட்டுவிட்டாளாம்.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதி வைத்த வரி, சனிக்கிழமை மாற்றிய பெயர், கரண்ட் போன நாள். அவள் என் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் இன்னாவும் தொடலியாக்கா?"

"நீ எதையும் தொடலைடி. தொட்டதெல்லாம் அந்த ஆள்."

"ஏதோ தெரியாம கை பட்ருச்சு போலன்னு தான்க்கா நெனச்சிகினு இருந்தேன். இத்தினி நாளும்." சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா கைல சொல்றேன் இன்னிக்கு. அதுவும் அப்டி தான் நெனச்சிகினு கீது."

எனக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. இதைத்தானே இவ்வளவு நாள் சுமந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். சாப்பிடப் போகும்போது அவரவர் கணினியை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அந்தக் கடையில் சட்டம் போலிருக்கிறது. வரிசையாக ஒவ்வொரு திரையும் அணைந்துகொண்டு வந்தது. செல்வி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த மேஜைப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது அமுத்தவே அமுத்தாதுக்கா. டெய்லி நான் தான்."

நான் செல்வியைப் பார்த்தேன். இப்போதுதானே சொன்னேன், நீ எதையும் தொடவில்லை என்று. அவளுக்கும் அது தெரிந்தது. சுவிட்சைப் பார்த்தாள். டிபன் பாக்ஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். கை அங்கே போகவில்லை.

"நீயே அமுத்துடி" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நான் தொட மாட்டேன்."